மச்சுக்கு ஒரு வழி

கேரளத்தில் பாலக்காடு என்றொரு ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் உள்ள ஊர். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. வள்ளியம்மாவின் குடும்பமும் அதில் ஒன்று.

வள்ளியம்மாவின் வீடு ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே மரப்பலகையால் ஆன மச்சு. மச்சில் நெல் மூட்டை, பழைய பாத்திரம், விதைப் பானை எல்லாம் இருக்கும். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து மச்சுக்கு வழி இல்லை. வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. மூங்கில் ஏணியைச் சாத்தித்தான் ஏற வேண்டும்.

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. பாலக்காட்டில் கல்பாத்தி ஆறு கரை மீறியது. ஆற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்தது. வள்ளியம்மா வீட்டிலும் முழங்கால் அளவு நீர் வந்துவிட்டது.

வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பேத்தி தேவியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் தகரப் பெட்டியில் இருந்தன. மச்சில் வைத்துவிடலாம் என்று வள்ளியம்மா நினைத்தார். வெளியே கொட்டும் மழை. மூங்கில் ஏணியைக் காணவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கம்பக்கத்தார் வந்து எல்லாரையும் மேட்டுக்கு அழைத்துப் போனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்த தாள்கள் எல்லாம் ஊறிப் போயின. புதிய தாள்கள் வாங்க ஆறு மாதம் அலைந்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வள்ளியம்மா சொன்னார்:

"வீட்டுக்குள்ளிருந்தே மச்சுக்கு ஒரு வழி வேணும். நல்ல ஏணியும் வேணும்."

அவசரப்பட்ட மகன்

மகன் கந்தன் பட்டறைக்குப் போனான். அங்கே ஓர் இரும்பு ஏணி தயாராக இருந்தது. மேலே பொருத்தும் சட்டத்தின் அகலம் 24 அங்குலம். அதையே வாங்கி வரலாம் என்று முடிவு செய்தான். வீட்டுக்கு வந்து மச்சை அண்ணாந்து பார்த்தான். ரம்பத்தைக் கையில் எடுத்தான்.

"இருடா. வெட்டறது லேசு. வெட்டினதை ஒட்ட முடியுமா? ஆசாரி அண்ணாவைக் கூப்பிட்டுக்கிட்டு வா" என்றார் வள்ளியம்மா.

தச்சர் வந்தார். நாற்பது ஆண்டாக மரவேலை செய்பவர். மச்சை நெடுநேரம் பார்த்தார். பிறகு கந்தனிடம் கேட்டார்:

"தம்பி, எந்த இடத்திலே வெட்டப் போறீங்க?"

"இதோ, நடுவிலே மாமா. இந்த ஒரு கட்டை மட்டும் குறுக்கே வருது. அதையும் அறுத்துட்டா ஏணி சரியாப் பொருந்திடும்."

தச்சர் தலையை ஆட்டினார்.

"அந்த ஒரு கட்டையிலேதான் விஷயமே இருக்குது. உக்காருங்க, சொல்றேன்."

மச்சு எப்படி நிற்கிறது?

மச்சில் மூன்று வகை மரங்கள் உண்டு.

முதலாவது உத்திரம். இது பெரியது. சுவரிலிருந்து சுவருக்குப் போகும். மச்சின் பாரம் இதன் வழியாகச் சுவரில் இறங்கும்.

இரண்டாவது தாங்கு கட்டை. இது உத்திரத்தைவிடச் சிறியது. உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே வரிசையாக இருக்கும்.

மூன்றாவது பலகை. தாங்கு கட்டைகளின்மேல் குறுக்காக அடித்திருப்பார்கள். நாம் மிதிப்பது இதைத்தான்.

பலகையை வெட்டலாம். தாங்கு கட்டையை வெட்டக் கூடாது. உத்திரத்தைத் தொடவே கூடாது.

தாங்கு கட்டையை வெட்டினால் என்ன ஆகும்? அது சுமந்த பாரம் பக்கத்துக் கட்டைகளுக்குப் போகும். அவை அந்தப் பாரத்துக்காகப் போட்டவை அல்ல. மெல்ல மெல்லத் தொய்யும். அன்றே விழாது. அதனால் நமக்குத் தெரியாது. ஒரு நாள் நெல் மூட்டையை ஏற்றும்போது மச்சு இறங்கும்.

"அடுத்த ஊரிலே ஒரு வீட்டிலே இப்படித்தான் செஞ்சாங்க. ஒரே ஒரு கட்டைதானேன்னு அறுத்தாங்க. இரண்டு வருஷத்திலே மச்சு நாலு விரக்கடை தொங்கிப் போச்சு. மச்சு முழுசையும் பிரிச்சு மறுபடி போட்டேன்" என்றார் தச்சர்.

கந்தன் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

அளவு சொன்ன வழி

தச்சர் டேப்பை எடுத்தார். இரண்டு தாங்கு கட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். வள்ளியம்மா எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தார்.

"இருபத்தொண்ணு."

"சரியாப் படிச்சீங்க அம்மிணி. இடைவெளி 21 அங்குலம். தம்பி பார்த்த ஏணிச் சட்டம் 24 அங்குலம். அதனாலேதான் கட்டையை வெட்ட வேண்டி வருது. ஏணிக்காக வீட்டை வெட்டலாமா? வீட்டுக்கு ஏத்த மாதிரி ஏணியைச் செஞ்சாப் போதுமே."

இருபத்தொன்றில் இரு பக்கமும் கால் கால் அங்குலம் விட வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பும். அதற்கு இடம் வேண்டும். மீதி இருபதரை அங்குலம். அந்த அகலத்தில் சட்டம் செய்யச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் எழுதிக் கொடுத்தார்கள். திறப்பின் நீளம் நான்கு அடி, அதாவது 48 அங்குலம் என்று முடிவு செய்தார்கள். அந்த நீளம் தாங்கு கட்டைகள் போகும் திசையிலேயே அமைந்தது. எந்தக் கட்டையும் வெட்டுப்படவில்லை.

சில வீடுகளில் வேறு வழியே இருக்காது. ஒரு கட்டையை வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டைகளோடு இன்னொரு கட்டையைச் சேர்த்து வலுப்படுத்த வேண்டும். வெட்டுப்படும் கட்டையின் முனைகளைத் தாங்கக் குறுக்கே கட்டை போட வேண்டும். அதன் பிறகே வெட்ட வேண்டும். இது அனுபவம் உள்ளவர் செய்யும் வேலை. நாமே செய்து பார்க்கும் வேலை அல்ல.

இடம் பார்ப்பது

திறப்புக்கு இடம் பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

மேலே தலை இடிக்குமா? ஓட்டுக் கூரை சுவர் ஓரத்தில் தாழ்ந்து இருக்கும். நடுவில் உயர்ந்து இருக்கும். உயரம் உள்ள இடமே நல்லது.

கீழே ஏணிக்கால் எங்கே நிற்கும்? கதவை மறைக்கக் கூடாது. அடுப்புக்கு அருகில் கூடாது. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி ஏணிக்கால் நிற்க வேண்டும். வள்ளியம்மா வீட்டில் மச்சின் உயரம் எட்டு அடி. எனவே ஏணிக்கால் இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். இதற்கும் குறைவாக வைத்தால் ஏணி செங்குத்தாகிவிடும். ஏறுகிறவர் பின்னால் சாய்ந்து விழக் கூடும்.

மரம் நன்றாக இருக்கிறதா? தச்சர் திருப்புளியால் கட்டைகளைக் குத்திப் பார்த்தார். உறுதியான மரத்தில் திருப்புளி இறங்காது. கறையான் அரித்த மரத்தில் பொசுக்கென்று இறங்கும். அப்படி இருந்தால் கட்டையை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

மேலே என்ன இருக்கிறது? இதுதான் மிக முக்கியமான கேள்வி. கீழே நின்று பார்த்தால் பலகை மட்டுமே தெரியும். பலகைக்கு மேலே என்ன ஓடுகிறது என்று தெரியாது. வெளியே புது ஏணி ஒன்றைச் சாத்தித் தச்சர் மச்சுக்கு ஏறினார். கந்தன் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டான். தச்சர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். கீழே இறங்கியதும் சொன்னார்:

"நல்ல வேளை தம்பி, நீங்க அறுக்கலே. நீங்க காட்டின இடத்துக்கு மேலேயே கரண்ட் ஒயர் போகுது. தூசிக்குள்ளே மறைஞ்சு கிடக்குது. அடுத்த அறை விசிறிக்குப் போற ஒயர்."

கந்தனுக்கு வியர்த்துவிட்டது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஓர் உயிரை எடுக்க அது போதும்.

ஒரு தாள் காத்த உயிர்

ஒயரைத் தச்சர் தொடவில்லை. "இது என் வேலை இல்லை. ஒயர்மேன்தான் செய்யணும்" என்றார்.

மறுநாள் ஒயர்மேன் வந்தார். மெயின் சுவிட்சை நிறுத்தும் முன் டெஸ்டரை ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. டெஸ்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு மெயினை நிறுத்தினார். மறுபடி டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. இப்படி இரண்டு முறை பார்ப்பதே சரி. கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா?

"வீட்டிலே இன்வெர்ட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

இன்வெர்ட்டரோ சூரிய மின்தகடோ இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்தினாலும் அதிலிருந்து மின்சாரம் வரும்.

ஒயர்மேன் மச்சுக்குப் போனார். வள்ளியம்மா யோசித்தார். வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், போவார்கள். கரண்ட் இல்லையே என்று யாராவது மெயினைப் போட்டுவிட்டால்?

ஒரு தாளை எடுத்தார். பெரிய எழுத்தில் எழுதினார்:

மேலே ஆள் வேலை செய்கிறார்.
மெயினைப் போடாதீர்கள்.

வள்ளியம்மா முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவருக்குத் தமிழ்தான் தெரியும். பேத்தி தேவி மலையாளப் பள்ளியில் படிக்கிறாள்.

"தேவி, இதையே மலையாளத்திலேயும் எழுது. இங்கே எல்லாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதில்லே?"

தேவி கீழே மலையாளத்தில் எழுதினாள். தாளை மெயின் சுவிட்சின் மேலேயே ஒட்டினார்கள்.

அரை மணி நேரம் போனது. வள்ளியம்மா கிணற்றடியில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் போட வந்தான். இரு வீட்டுக்கும் ஒரே மோட்டார். மோட்டார் ஓடவில்லை. நேராக மெயின் சுவிட்சுக்குப் போனான். கையை உயர்த்தினான். தாளைப் பார்த்தான். படித்தான். கையை இறக்கிவிட்டு, கிணற்றடிக்கு ஓடி வந்து கேட்டான்.

அப்போது மேலே ஒயர்மேனின் கையில் உறை நீக்கிய ஒயர் இருந்தது.

விஷயம் தெரிந்ததும் ஒயர்மேன் கீழே இறங்கி வந்தார். தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அம்மா, எனக்கு வீட்டிலே இரண்டு குழந்தைங்க. இனிமே நான் போற வீட்டிலெல்லாம் இப்படித் தாள் ஒட்டித்தான் வேலை செய்வேன். பியூஸையும் கழட்டி என் பையிலேயே வச்சுக்குவேன்."

வள்ளியம்மா சொன்னார்:

"எழுத்துன்னா கையெழுத்துப் போடத்தான்னு நினைச்சிருந்தேன். அது உயிரையும் காக்குது தம்பி."

வெட்டும் நாள்

மூன்றாம் நாள் வெட்டும் வேலை. ஒயரை வேறு பக்கம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் மெயினை நிறுத்தினார்கள். தாளும் ஒட்டினார்கள். கை டிரில்லும் கை ரம்பமும் போதும் என்றார் தச்சர். நல்ல வெளிச்சம் உள்ள காலை நேரம்.

முதலில் மச்சில் இருந்த சாமான்களை ஓரமாக ஒதுக்கினார்கள். பழைய தூசியில் எலிப் புழுக்கையும் வௌவால் எச்சமும் இருக்கும். உலர்ந்த தூசியைக் கூட்டினால் அது மூக்கில் ஏறும். எனவே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டினார்கள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டார்கள்.

கீழே அறையைக் காலி செய்தார்கள். தரையில் சாக்கு விரித்தார்கள். வாசலில் கயிறு கட்டினார்கள். வேலை முடியும்வரை அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது.

நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறுவது பலருக்கு வழக்கம். தச்சர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு உறுதியான மரக்குதிரைகளை வைத்தார். மேலே அகலமான பலகை போட்டுக் கட்டினார். அதன்மேல் நின்று வேலை செய்தார். அண்ணாந்து வேலை செய்யும்போது மரத்தூள் கண்ணில் விழும். அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

பிறகு வேலை இந்த வரிசையில் நடந்தது.

1. இரண்டு தாங்கு கட்டைகளுக்கு நடுவே, 48 அங்குலம் தள்ளித் தள்ளி, இரண்டு குறுக்குக் கட்டைகளைப் பொருத்தினார். வெட்டும் முன்பே இதைச் செய்தார். ஏணியின் மேல்முனையைத் தாங்கப் போவது இதில் ஒன்று. எனவே வெறும் ஆணி அடிக்கவில்லை. இரும்புக் கோணம் வைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்.

2. இப்போது நான்கு பக்கமும் கட்டை உள்ள ஒரு சட்டம் கிடைத்தது. அதன் நான்கு மூலையிலும் கீழிருந்து மேலாகத் துளை போட்டார்.

3. மச்சுக்கு ஏறினார். நான்கு துளைகளையும் சாக்பீஸ் கோட்டால் இணைத்தார். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன. அப்படி இருந்தால்தான் மூலைகள் நேராக இருக்கின்றன என்று பொருள்.

4. கோட்டின்மேல் பழைய ஆணி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தவற்றைப் பிடுங்கினார். ஆணியில் பட்டால் ரம்பம் துள்ளும். கையைக் கிழிக்கும்.

5. கோட்டுக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு அதில் மண்டியிட்டார். வெட்டப்போகும் பகுதியில் காலே வைக்கவில்லை.

6. ஒரு நேரத்தில் ஒரு பலகையை மட்டும் அறுத்தார். அறுக்கும் முன் அதில் திருகாணி போட்டுக் கயிறு கட்டினார். கயிற்றைக் கந்தன் மேலேயே பிடித்துக்கொண்டான். அறுந்த துண்டு கீழே விழவில்லை. மேலே இழுத்து எடுத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் திறப்பு கிடைத்தது. மச்சுக்குள் வெளிச்சம் பாய்ந்தது.

திறப்பும் ஒரு பள்ளம்தான்

"இனிமே ஏணியை வச்சு ஏறலாமில்லே?" என்று கேட்டாள் தேவி.

"இன்னும் வேலை பாக்கி இருக்குது கண்ணு" என்றார் தச்சர்.

கீழே இருப்பவருக்கு அது வழி. மேலே இருப்பவருக்கு அது பள்ளம். இருட்டில் பின்னால் நகர்ந்தால் எட்டு அடி கீழே விழ வேண்டியதுதான். எனவே மேலே மூன்று பக்கமும் இடுப்பளவு உயரத்தில் கைப்பிடிச் சட்டம் அடித்தார். கீல் வைத்து ஒரு மூடி போட்டார். மூடிக்குத் தாழ்ப்பாளும் வைத்தார். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம் தேவை.

ஏணியின் மேல்முனையைக் குறுக்குக் கட்டையோடு போல்ட் போட்டு முடுக்கினார். ஏணிக்காலுக்கு அடியில் ரப்பர் பொருத்தினார். முதலில் தாமே ஏறி, படிப் படியாக நின்று பார்த்தார். பிறகு வள்ளியம்மா ஏறினார். ஏணியைப் பார்த்தபடியே ஏறினார். ஏணியைப் பார்த்தபடியே இறங்கினார்.

"பெட்டியைக் கையிலே பிடிச்சுக்கிட்டு ஏறாதீங்க அம்மிணி. இரண்டு கையும் ஏணிக்கு. பெட்டியைக் கயித்திலே கட்டி இழுத்துக்குங்க" என்றார் தச்சர்.

எல்லா வீட்டுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இது மரமச்சுக்கான பாடம்.

காங்கிரீட் கூரையை இப்படி வெட்டக் கூடாது. அதற்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கூரையைத் தாங்குவது அவைதான். கம்பியை வெட்டினால் கூரை பலம் இழக்கும். பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் கை வைக்காதீர்கள்.

கல்நார் தகட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம்.

ஜிப்சம் பலகையால் அலங்காரத்துக்குப் போட்ட கூரை ஆளைத் தாங்காது. அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

மறு வருடம்

2019 ஆகஸ்டில் கேரளத்தில் மறுபடி பெருமழை பெய்தது. ஆற்றில் நீர் ஏறுகிறது என்று செய்தி வந்தது. வள்ளியம்மா தகரப் பெட்டியைக் கயிற்றில் கட்டினார். கந்தன் மேலே இழுத்து வைத்தான். நெல்லும் துணிமணியும் மேலே போயின.

"நாமும் மேலேயே இருந்துக்கலாமா அப்பத்தா?" என்று கேட்டாள் தேவி.

"வேண்டாம் கண்ணு. சாமான் மேலே இருக்கட்டும். மனுசங்க மேட்டுக்குப் போகணும். வெள்ளம் எவ்வளவு ஏறும்னு யாருக்குத் தெரியும்? மச்சுக்குள்ளே மாட்டிக்கிட்டா வெளியே வர முடியாது."

மூடியைச் சாத்தினார்கள். மெயினை நிறுத்தினார்கள். எல்லாரும் முகாமுக்குப் புறப்பட்டார்கள்.

நினைவில் வையுங்கள்

• பலகையை வெட்டலாம். தாங்கு கட்டையை வெட்டாதீர்கள்.
• மேலே ஏறிப் பார்க்காமல் கீழிருந்து அறுக்காதீர்கள்.
• மெயினை நிறுத்துங்கள். டெஸ்டரால் பாருங்கள். தாள் ஒட்டுங்கள்.
• வெட்டும் பகுதியின்மேல் நிற்காதீர்கள். அதன் கீழேயும் நிற்காதீர்கள்.
• திறப்புக்குக் கைப்பிடியும் மூடியும் போடுங்கள்.
• மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். விபத்து நேர்ந்தால் 112 எண்ணுக்குப் பேசுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. இரண்டு தாங்கு கட்டைகளுக்கு நடுவே 19 அங்குலம் இருக்கிறது. இரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும். ஏணிச் சட்டத்தின் அகலம் எவ்வளவு?

2. மச்சின் உயரம் 10 அடி. நான்கு அடிக்கு ஓர் அடி வீதம் ஏணிக்கால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

1. கந்தன் முதல் நாளே அறுத்திருந்தால் என்னென்ன நடந்திருக்கும்?
2. தாளை மலையாளத்திலும் எழுதியது ஏன்? உங்கள் ஊரில் எந்தெந்த மொழியில் எழுத வேண்டும்?
3. உங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?

எழுதுங்கள்

வள்ளியம்மா எழுதியது போல ஓர் அறிவிப்பை நீங்களும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை ஒயர்மேன் வரும்போது அதை ஒட்டுங்கள்.